படலைப் பிரிக்காத நாள்

சவுண்டல் மரம் என்றாலே மாசிலாமணிக்கு ஆகாது. மடத்தை ஒட்டிய கோயில்காட்டை அது கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருந்தது. அதன் நெருக்கத்தில் கிழட்டு இலுப்பை மரங்களின் அடியில் ஒரு கன்றுகூட எழவில்லை. இருக்கிற இலுப்பையும் விழுந்துவிட்டால் காடு என்று சொல்ல அங்கே ஒன்றும் இருக்காது.

வெட்டினார். துளிர்த்தது. மறுபடி வெட்டினார். இன்னும் அடர்த்தியாகத் துளிர்த்தது.

மடத்துத் தலைவி பூரணியம்மை அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவர்தான் மாசிலாமணிக்குக் குரு. கோடரியை அவர் முன்னால் போட்டுவிட்டு மாசிலாமணி கேட்டார்.

"அம்மா, நானும் விடாம வெட்டுறேன். அதுவும் விடாம வருது. என்னதான் செய்யட்டும்?"

பூரணியம்மை கோடரியை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். மறுவாரம் ஒரு வெள்ளாட்டுக் கிடையோடு வந்து நின்றார்.

"வெட்டுறது உங்க வேலை. துளிர்க்கிறதை இதுங்க பாத்துக்கும்."

ஊர் சும்மா இருக்குமா? ஊர்த்தலைவர் சடையாண்டி வரிந்துகட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏம்மா, வெள்ளாட்டையா காட்டுக்குள்ள விடுறீங்க? நல்லா இருக்கே கதை!"

"தென்சரிவை மட்டும் குடுங்க. செஞ்சு காட்டுறோம்."

"சரி. மழைக்காலம் முடியட்டும், வந்து பாக்குறோம். ஆடு ஒரு இலுப்பைக் கன்னைத் தின்னாலும் கிடை வெளிய போயிடணும்."

"போயிடும்" என்றார் பூரணியம்மை.

மாசிலாமணியிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஆடு சவுண்டலை விட்டுட்டு வேற இலையில வாய் வெச்சா, அன்னைக்கே படலைப் பிரிச்சு கிடையை அடுத்த இடத்துக்கு மாத்திடுங்க."

படல் என்பது கிடையைச் சுற்றி நிறுத்தும் மூங்கில் தட்டி. மாசிலாமணி அதைத் தோளில் சுமந்து சுமந்து சரிவு முழுக்க மாற்றிக் கட்டினார். வெட்டிய கட்டையில் துளிர் எட்டிப்பார்க்கும். ஆடு கடித்துவிடும். மறுபடி எட்டிப்பார்க்கும். மறுபடி கடிக்கும். மழை முடிவதற்குள் கட்டைகள் காய்ந்து கருத்துவிட்டன. வெயில் தரையைத் தொட்டது. இலுப்பைக் கன்றுகள் எழுந்தன.

மாசிலாமணிக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு கன்றின் முன்னாலும் உட்கார்ந்து, "வந்துட்டியா ராசா!" என்று கொஞ்சினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவருக்கென்ன!

நாளைக்கு ஊர் வருகிறது என்ற நிலையில், கிடை சரிவின் அடிவாரத்தில் இருந்தது. அன்று மத்தியானம் ஒரு ஆடு சவுண்டலை விட்டுவிட்டு வெட்சிப் புதரில் வாய் வைத்தது. மாசிலாமணி பார்த்தார். படலில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

'ஆடில்லாத சரிவைக் காட்டினா யாரு நம்புவா? ஆடு நின்னாத்தானே இது அதோட வேலைன்னு தெரியும். ஒரு நாள்தானே!'

விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தார். அந்த இடத்து இலுப்பைக் கன்றுகளில் ஒன்றும் இல்லை. குச்சிகூட மிச்சமில்லை.

ஊர் வந்தது. சடையாண்டி அண்ணாந்து பார்த்தார், குனிந்து பார்த்தார்.

"அடேயப்பா! உள்ள வெயில் விழுதே! மேல பூரா இலுப்பைக் கன்னு! அம்மா, நான் பேசினதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. முழுக்காட்டையும் நீங்களே பாருங்க."

பூரணியம்மை வாயெடுப்பதற்குள் மாசிலாமணி குரல் கொடுத்தார்.

"பொறுங்க தலைவரே. நீங்க நிக்கிற இடத்துல நேத்து வரைக்கும் இலுப்பைக் கன்னு நின்னுச்சு. ஆடு தின்னுடுச்சு."

எல்லோரும் காலடியைப் பார்த்தார்கள்.

"ஆட்டைக் குத்தம் சொல்லாதீங்க. போதும்னு அது நேத்தே காட்டிடுச்சு. கிடையை உங்க கண்ணுல காட்டணும்னு நான்தான் நிறுத்தி வெச்சேன். பெருமைக்கு ஆசைப்பட்டுட்டேன்."

சடையாண்டியின் முகம் சுருங்கியது. "பேச்சுன்னா பேச்சுதான். இன்னைக்கே தென்சரிவை விட்டு ஆடு வெளிய போகணும்."

"போயிடும்" என்றார் பூரணியம்மை.

சடையாண்டி நாலடி நடந்தார். நின்றார். திரும்பி மாசிலாமணியை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க ஓட்டிட்டுப் போவீங்க?"

மாசிலாமணி ஆடுகளைத் திரும்பிப் பார்த்தார்.

"வடசரிவுக்கு ஓட்டுங்க. அங்கதான் சவுண்டல் தலைக்கு மேல நிக்குது. ஆனா ஒண்ணு, கிடை உங்க கையிலதான் இருக்கணும். வேற யார்கிட்டயும் விடக்கூடாது."

ஊர் போய்விட்டது. மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு குருவின் அருகில் வந்தார்.

"அம்மா, கன்னு போனது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"விடியக்காலையே பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

பூரணியம்மை குனிந்து படலின் ஒரு முனையைப் பிடித்தார்.

"ஊருக்கு முன்னாடி நானே சொல்லிடலாம்னுதான் வந்தேன். என் சீடர் முந்திக்கிட்டார். இனிமே பாக்கிறவங்ககிட்டயெல்லாம் இதைத்தான் சொல்லிட்டுத் திரியப் போறேன், நீங்க வெக்கப்பட்டாலும் விடமாட்டேன். அந்தப் பக்கம் பிடிங்க."