அண்டாவில் வந்த மாப்பிள்ளை

கல்யாணத்தன்று விடியற்காலையில் பிடித்த மழை தெருவையே ஆறாக்கிவிட்டது. முழங்காலளவு தண்ணீர். இந்தப் பக்கம் பெண்வீடு, எதிரே மாப்பிள்ளை வீட்டார் தங்கிய சத்திரம். முகூர்த்தத்துக்கு அரைமணி நேரம்தான் இருந்தது.

சத்திரத்து வாசலில் மாப்பிள்ளையின் அப்பா மிட்டாதார் வைத்திலிங்கம் பட்டு வேட்டியோடு நின்று அதட்டினார்.

"எங்க கால்ல ஒரு சொட்டு சேத்துத்தண்ணி படக்கூடாது. வழி பண்ணுங்க. இல்லேன்னா இப்பவே ஊருக்குக் கிளம்பிடுவோம்!"

பெண்ணின் அப்பா கோவிந்தராசு தண்ணீரில் நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டார்.

சமையலுக்குப் பாத்திரம் தேய்க்க வந்த செங்கமலம் இதைக் கேட்டாள். இருப்பதிலேயே பெரிய அண்டாவைத் தெருவில் இறக்கி மிதக்கவிட்டு, தள்ளிக்கொண்டே சத்திரத்துக்குப் போனாள்.

"ஐயா, கால் நனையாத வண்டி வந்திருக்குங்க. ஒரு ஆளைத்தான் தாங்கும். மொதல்ல மாப்பிள்ளை ஏறட்டும்."

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே ஏறிக் குந்தினார். நாகஸ்வரம் முழங்க, தெருவே கூவிக் கைதட்ட, அண்டா பெண்வீட்டு வாசலில் போய் முட்டியது.

கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்த மிட்டாதார் சத்திரத்திலிருந்து கத்தினார்.

"ஏ பொண்ணே, அண்டா எங்கே? நான் எதுல வர்றது?"

"கழுவி அடுப்புல ஏத்தியாச்சுங்க ஐயா, சாம்பாருக்குப் பருப்பு வேகுது. சூடு தாங்குவீங்கன்னா கொண்டாரேன்!"

அதற்குள் மணவறையில் ஐயர் தாலியைக் கையில் எடுத்துவிட்டார். மிட்டாதார் பட்டு வேட்டியைத் தொடைக்கு மேலே சுருட்டிக்கொண்டு தொபுக்கென்று தண்ணீரில் குதித்து ஓடிவந்தார்.

மணமக்கள் தலையில் விழுந்த அட்சதையில் ஒரு பிடி மட்டும் சேறும் சகதியுமாக இருந்தது.