முத்திரை குத்திய கொக்கு

வேங்கைமலை நாட்டில் செங்கமலி என்றொருத்தி ஆறு பேரை வைத்துக்கொண்டு ஒரு கூத்துக் குழு நடத்திவந்தாள். அதில் ஒருவன் ராஜா, ஒருவன் அசுரன். மற்ற நால்வரும் மந்திரி, தவளை, குதிரையின் முன்பாதி, பின்பாதி.

அவள் நிம்மதிக்கு வேட்டு வைத்தவர் ஓலைநாயகம் பூவராகர். அரண்மனை ஓலைகளுக்கெல்லாம் அரச முத்திரை குத்துகிறவர். திடீரென்று ஒரு விதி போட்டார்.

"கூத்தில் நடக்கப்போவதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். எழுதியது நடந்தே தீரவேண்டும். எழுதாதது நடக்கவே கூடாது! எதையாவது மாற்ற வேண்டுமானால் திருத்த ஓலை வாங்க வேண்டும், அதற்கு ஆறு மாதம் ஆகும்!"

மன்னரும் ஏதோ நல்ல ஏற்பாடு என்று தலையாட்டிவிட்டார்.

அடுத்த கூத்திலேயே அசுரன் தும்மினான்.

"நிறுத்து! இந்தத் தும்மல் எந்த ஏட்டில் இருக்கிறது?" என்று பாய்ந்தார் பூவராகர். "இன்னொரு தப்பு நடந்தால் குழுவோடு நாட்டைவிட்டே போய்விடு!"

செங்கமலி அழாத குறையாக அரண்மனை விகடர் நல்லாண்டானிடம் ஓடினாள். "ஐயா, குதிரையின் பின்பாதிக்குக் கால் இடறினால்கூட எங்கள் பிழைப்பு போச்சு!"

"பயப்படாதே அம்மா. அடுத்த கூத்துக்கு நானே எழுதித் தருகிறேன்."

சொன்னபடியே முன்னூறு ஏடுகளோடு ஒரு சுவடியைக் கட்டிக்கொண்டு வந்தார். பூவராகர் நீளத்தை அளந்தார். அகலத்தை அளந்தார். கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

"படித்துப் பார்க்க வேண்டாமா?" செங்கமலி வாய்தவறிக் கேட்டுவிட்டாள்.

"படிப்பதா என் வேலை? அளவு சரி!" ஏட்டுக்கு ஒன்றாக முன்னூறு முத்திரை குத்தித் தள்ளினார்.

ஒரு வாரம் கழித்து, மாலையில் கூத்து. முன்வரிசையில் மன்னர். நல்லாண்டான் சுவடியைப் பிரித்து உரக்கப் படித்தார்.

"முதல் காட்சி, குளத்தங்கரை. ஓலைநாயகம் பூவராகர் மேடையேறி, கூத்து முடியும்வரை கொக்காக ஒற்றைக்காலில் நிற்பார்."

"என்ன அக்கிரமம் இது!" பூவராகர் துள்ளி எழுந்தார். "திருத்து அதை!"

"திருத்த ஓலைக்கு ஆறு மாதம் ஆகும் என்று தாங்கள்தானே சொன்னீர்கள்?"

மன்னர் மேடையைக் கை காட்டினார். பூவராகர் ஏறினார். ஒரு காலைத் தூக்கினார். ஏட்டில் இருந்தபடியே தவளை வேஷக்காரன் அவரைச் சுற்றி மூன்று முறை தாவிவிட்டு, பயபக்தியோடு நடுங்கினான்.

மன்னருக்குச் சிரிப்பு பீறிட்டது. நல்லாண்டான் பதறி ஓடிவந்தார். "வேண்டாம் அரசே! தங்கள் சிரிப்பு ஏட்டில் இல்லை!"

மன்னர் வாயைப் பொத்தினார். கன்னம் உப்பியது. கண்ணில் நீர் முட்டியது. செங்கமலி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொக்கு தள்ளாடி, தவளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"ரத்து! அந்த விதி ரத்து!" என்று அலறிவிட்டு, மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

சிரித்து ஓய்ந்ததும் கேட்டார்: "முன்னூறு ஏட்டில் இன்னும் என்னவெல்லாம் எழுதியிருக்கிறாய்?"

"முதல் ஏடு மட்டும்தான் எழுதினேன் அரசே. மீதியெல்லாம் வெற்று ஏடு. ஆனால் எல்லாவற்றிலும் தங்கள் முத்திரை இருக்கிறது."

மன்னருக்கு வியர்த்தது. சுவடியைப் பிடுங்கித் தாமே எண்ணினார்.

"ஒன்று குறைகிறதே?"

"அதில் மட்டும், செங்கமலிக்கு அரண்மனைச் செலவில் கூத்துக்கொட்டகை என்று எழுதிப் போன வாரமே கொத்தனாரிடம் கொடுத்துவிட்டேன் அரசே. சுவர் எழும்பிவிட்டது. வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்று தங்களைத்தான் கேட்கச் சொன்னார்."