இறங்கிப் பழகிய கரடி

குழந்தைகளே, கரடிகள் நிறைந்த ஒரு காட்டில் ஓர் இலவ மரம் நின்றது. அடிமரம் முழுக்க முள். அதைக் கட்டிக்கொண்டு ஏற எந்தக் கரடிக்கும் தைரியம் கிடையாது. ஒரே ஒரு கிளை மட்டும் தாழ்ந்து வந்திருந்தது. பின்காலில் நிமிர்ந்து நின்றால் அது கைக்கு எட்டும். அதைப் பிடித்து உடம்பை மேலே தூக்கி உட்கார்ந்துவிட்டால், முகத்துக்கு நேரே பெரிய தேனடை.

ஒரே ஒரு சங்கடம், கிளை குலுங்கினால் தேனீக்கள் கிளம்பிவிடும். பிறகு அவை யார் எவர் என்றெல்லாம் பார்ப்பதில்லை.

அந்தக் காட்டில் இருளாயி என்ற கரடி கருவுற்றிருந்தாள். குட்டி பிறந்த அன்றே, பொழுது சாய்வதற்குள், அதன் நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைப்பது அங்கே வழக்கம். யார் சேனை வைக்கிறாரோ அவர் குணம்தான் குட்டிக்கு வருமாம்.

"தாய்மாமன் நான்தான் வைப்பேன்" என்றான் இருளாயியின் அண்ணன் துடியன்.

"தகப்பன் நான் இருக்கிறேனே" என்றான் அவள் கணவன் சடையன்.

இருளாயிக்கு இருவருமே வேண்டியவர்கள். "குட்டி பிறக்கும் அன்று இலவ மரத்துத் தேனை யார் கொண்டு வருகிறீர்களோ அவரே வைக்கலாம். சண்டை மட்டும் வேண்டாம்" என்றாள்.

சடையன் அன்றே போய்க் கிளையைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தான். உடம்பு ஒரு விரற்கடைகூட மேலே போகவில்லை. வெட்கமாக இருந்தது. குட்டி தன்னைப் போல இருக்க வேண்டும் என்று அவனுக்குக் கொள்ளை ஆசை.

மறுநாள் முதல் அவன் குகைக்கு எதிரே இருந்த பாறையில் கையூன்றி நின்று, நெஞ்சைப் பாறைவரை கொண்டுபோய்த் திரும்பத் தள்ளினான்.

"மாப்பிள்ளை, பாறை நகர்ந்ததா?" என்று துடியன் கேட்டான்.

"இல்லை மச்சான். நகர்ந்தால் நான் விழுந்துவிடுவேன்" என்றான் சடையன்.

அது சுலபமான பிறகு தாழ்வான கல்லில் கையூன்றினான். பிறகு தரையில். அதுவும் பழகிய பின் ஒரு நாவல் மரக்கிளையில் சும்மா தொங்கினான். தோள் வலித்த நாளில் கறையான் தோண்டித் தின்றுவிட்டுத் தூங்கினான்.

அப்புறம் அவன் செய்ததுதான் வேடிக்கை. நாவல் கிளையை ஒட்டி ஒரு பாறை இருந்தது. அதன்மேல் ஏறி, கிளையைக் கையால் பிடித்து, நெஞ்சைக் கிளை மட்டத்தில் வைத்துக்கொண்டு, மெல்ல மெல்லக் கையை நீட்டிக் கீழே இறங்கினான். மறுபடி பாறையேறினான். மறுபடி இறங்கினான்.

துடியன் வயிறு குலுங்கச் சிரித்தான். "எல்லோரும் ஏறப் பழகுவார்கள். நீ இறங்கப் பழகுகிறாயே."

"ஏறுகிற வலு இன்னும் வரவில்லை மச்சான். இறங்குகிற வலு இருக்கிறது. இருப்பதை வைத்துத்தானே பழக முடியும்?"

"எனக்குப் பழக்கமே தேவையில்லை. நாலு ஆட்டம் ஆடினால் போதும்."

சொன்னபடியே துடியன் அந்த நாவல் கிளையில் ஊஞ்சலாடி, காலை உதறி, ஒரே வீச்சில் மேலே போய் உட்கார்ந்தான். சடையனுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும் பாறைக்கே திரும்பிப் போனான்.

கொஞ்ச நாளில் இறங்கும்போது நடுவழியில் நிற்க முடிந்தது. பிறகு நடுவழியிலிருந்து மேலே போக முடிந்தது. மழைக்காலம் தொடங்குவதற்குள் கீழிருந்தே, கிளை அசையாமல் ஏறினான்.

ஒரு காலையில் குட்டி பிறந்தது. சேதி கேட்டதும் துடியன் இலவ மரத்துக்கு ஓட்டமாய் ஓடினான். கிளையைப் பிடித்தான். ஆடினான். கிளையும் சேர்ந்து ஆடியது.

அவ்வளவுதான். தேனீக்கள் மொத்தமாய்க் கிளம்பின. மூக்கு, உதடு, காது என்று ஒன்றையும் விடவில்லை. துடியன் பொத்தென்று விழுந்து, பக்கத்து ஆற்றுக்குள் போய் ஒளிந்துகொண்டான்.

பின்னாலேயே வந்த சடையன் தேனீக்கள் அடங்கும்வரை தள்ளி நின்று காத்திருந்தான். வெயில் தாழ்ந்துகொண்டே வந்தது. அவனுக்குக் கவலையாக இருந்தது. கடைசியில் இரைச்சல் ஓய்ந்ததும் கிளையைப் பற்றினான். கை மடங்கியது. உடம்பு புகைபோல மேலே போனது. ஓர் இலைகூட உதிரவில்லை.

அடையின் ஓரத்தைப் பிய்க்கும்போது ஒன்றிரண்டு தேனீக்கள் கொட்டின. சடையன் உதறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அடையை வாயில் கவ்வி, நிதானமாக இறங்கினான்.

பொழுது சாய்வதற்குள் சடையன் சேனை வைத்தான். குட்டி தேனைச் சப்புக்கொட்டி நக்கியது. இருளாயி பூரித்துப் போனாள். சடையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆற்றிலிருந்து வந்த துடியனுக்கும் சடையன் ஒரு துண்டு அடை கொடுத்தான். உதடு வீங்கியிருந்ததால், துடியன் அதை மிக மிக மெதுவாகத்தான் தின்ன வேண்டியிருந்தது.

நீதி: இன்று முடிவதை நிதானமாகப் பழகுகிறவனுக்கு, முடியாதது ஒருநாள் முடியும்.