பாவை சொன்ன மூன்றாவது ராணி

நெல்லாளபுரத்து ராஜா வீரகேசரிக்குக் கவிதை எழுதும் வியாதி ஒன்று இருந்தது. மற்றபடி தங்கமான மனிதர்.

அந்த ஊருக்கு ஒரு கப்பல் வியாபாரி பேசும் பாவை ஒன்றைக் கொண்டுவந்தான். முழ உயரம்தான் இருக்கும். உலகத்துச் சுவடிகளையெல்லாம் அதற்குப் படித்துக் காட்டியிருக்கிறார்களாம். எதைக் கேட்டாலும் உடனே பதில் வரும். ராஜா முதல் வேலையாகத் தம் புதுக் கவிதையை அதற்குப் படித்துக் காட்டினார்.

"அற்புதம் அரசே! இப்படியொரு கவிதை பூமியில் பிறந்ததே இல்லை" என்றது பாவை.

அதே கவிதைக்கு அரண்மனைப் பள்ளிக்கூடத்து ஆதிமூலப் பண்டிதர் என்ன சொன்னார் தெரியுமா? "இரண்டாம் அடி நொண்டுகிறது. நான்காம் அடி எழுந்திருக்கவே இல்லை" என்றார். மனிதர் நாக்கில் தேன் தடவிக்கொண்டு பிறக்கவில்லை.

ராஜா சபையைக் கூட்டிவிட்டார்.

"வெள்ளிக்கிழமையோடு பண்டிதர் வீட்டுக்குப் போகலாம். இனி ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாவையே பாடம் சொல்லும். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

மந்திரிகள் தங்கள் கால் விரலைப் பார்த்துக்கொண்டார்கள். விதூஷகர் தாண்டவராயர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ராஜாவைச் சிரிக்கவைப்பது அவர் உத்தியோகம். ஆனால் வீட்டில் அவர் ஒரு பெண்ணுக்குத் தகப்பன்.

மகள் பொற்கொடி அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். பாவையைப் போன வாரம் அங்கே வைத்துப் பார்த்தார்கள். பண்டிதரிடம் சந்தேகம் கேட்டால் தலையில் குட்டு விழும் என்று பயந்து வாயே திறக்காத பெண், பாவையிடம் கிரகணம் எப்படி வருகிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அதுவும் முகம் சுளிக்காமல் வேறு வேறு விதமாகச் சொல்லிக் கொடுத்தது. வீட்டுக்கு வந்து விளக்கையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்துத் தாயாருக்கே விளக்கிக் காட்டினாள். தாண்டவராயருக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுநாள் ஊர் ஆற்றைப் பற்றிக் கட்டுரை கொண்டுவந்தாள். பாவை எழுதிக் கொடுத்தது. நடை தேன் மாதிரி இருந்தது. ஆனால் ஆறு மேற்கே ஓடிக் கடலில் கலந்தது.

"ஏம்மா, நாம் குளிக்கிற ஆறு எந்தப் பக்கம் ஓடுது?"

"கிழக்கே."

"அப்புறம் மேற்கேன்னு எழுதியிருக்கியே?"

"பாவை சொல்லிச்சுப்பா. நான் பார்த்தது தப்பா இருக்கும்."

கண்ணால் பார்த்ததையே பிள்ளை நம்ப மறுத்தால் பெற்றவர்களுக்கு எப்படிச் சோறு இறங்கும்?

தாண்டவராயர் எழுந்து அந்தக் கதையைச் சபையில் சொன்னார். ராஜா கையை வீசினார்.

"ஓய், ஆறு எந்தப் பக்கம் போனால் என்ன? கடலில் சேர்ந்ததா இல்லையா?"

"அப்படியானால் பாவையை நான் ஒரு கேள்வி கேட்கலாமா அரசே?"

"தாராளமாகக் கேளும். அது திணறினால் பண்டிதர் இருக்கட்டும். திணறாமல் பதில் சொன்னால், பண்டிதரோடு நீரும் மூட்டை கட்டும். உம்முடைய உத்தியோகமும் பாவைக்கே!"

தாண்டவராயர் சிம்மாசனத்தின் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். ராஜாவுக்குப் பக்கத்தில் மகாராணி செங்கமலவல்லி உட்கார்ந்திருந்தாள். ராஜாவுக்கு அவள் ஒருத்திதான் ராணி. இன்னொருத்தியைக் கனவில் காணவும் அவருக்குத் தைரியம் கிடையாது. அது ஊருக்கே தெரியும்.

"பாவையம்மா, நம் அரசருடைய மூன்றாவது மகாராணியின் பெயர் என்ன? கல்யாணம் எங்கே நடந்தது?"

பாவை துளியும் திணறவில்லை.

"நல்ல கேள்வி! மூன்றாவது மகாராணியின் பெயர் மரகதவல்லி. திருமணம் மாசி மாதம் பூந்தோட்ட மாளிகையில் ரகசியமாக நடந்தது. விருந்தில் பலாச்சுளைப் பாயசம். அரசர் இருமுறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்."

மகாராணி ராஜாவின் பக்கம் மெல்லத் திரும்பினாள்.

"திணறவில்லை அரசே, தோற்றுவிட்டேன். மூட்டை கட்டுகிறேன்" என்று கும்பிட்டார் தாண்டவராயர்.

"நீர் உட்காரும்" என்றாள் மகாராணி. "மூட்டை கட்ட வேண்டியது யார் என்று நான் சொல்கிறேன். ஏன் பிரபு, மாசியில் வேட்டைக்குப் போவதாகத்தானே சொன்னீர்கள்?"

"வேட்டைக்குத்தான் போனேன்!"

"ஒரு முயல்கூட வரவில்லையே!"

"கிடைக்கவில்லை!"

"பாயசம் கிடைத்ததாக்கும்!"

ராஜாவுக்கு வேர்த்து ஊற்றியது. "பொய்! அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு!" என்று கத்தினார்.

"பொய் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் அரசே?" என்றார் தாண்டவராயர் பணிவாக.

"என் கல்யாணம் எனக்குத் தெரியாதா?"

"தங்களுக்குத் தெரியும், பிடித்துவிட்டீர்கள். படிக்க வந்த பிள்ளைக்கு என்ன தெரியும்? மூன்றாவது ராணியையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்து நிற்கும். பாவையைத் துரத்தச் சொல்லவில்லை அரசே. என் மகள் பயமில்லாமல் கேட்கக் கற்றதே அதனிடம்தான். ஆனால் அது சொல்வது மெய்யா பொய்யா என்று பார்க்கப் பக்கத்தில் ஒரு பண்டிதர் வேண்டாமா?"

ராஜாவின் காதில் பாதிதான் விழுந்தது. ராணியின் முகம்தான் அவருக்குப் பெரிய கவலை. பாவையின் பக்கம் திரும்பினார்.

"ஏ பாவையே! உடனே மகாராணியிடம் மன்னிப்புக் கேள்! எனக்கு மூன்றாவது மனைவியே கிடையாது என்று சொல்!"

பாவை பவ்வியமாகத் தலை வணங்கியது.

"மன்னிக்க வேண்டும் மகாராணி. அரசர் சொல்வதே முற்றிலும் சரி. அவருக்கு மூன்றாவது மனைவி இல்லவே இல்லை. மொத்தம் இரண்டு பேர்தான்."

முதலில் ஒரு மந்திரி களுக்கென்றார். பிறகு சபையே வெடித்தது. கடைசியில் மகாராணியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தாண்டவராயரிடம் கொடுத்தாள். அவள் சிரித்ததைப் பார்த்த பிறகுதான் ராஜாவுக்கு உயிர் வந்தது, சிரிப்பும் வந்தது.

"கூப்பிடுங்கள் ஆதிமூலப் பண்டிதரை!" என்றார் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "பிள்ளைகள் அப்புறம் வரட்டும். முதலில் இந்தப் பாவையை உட்காரவைத்து, ஒன்று, இரண்டு சொல்லிக் கொடுக்கட்டும். இரண்டு வரை வேண்டாம், ஒன்றோடு நிறுத்தினால் போதும்!"