காக்காய்க்கு வைத்த சோறு

"எழுதி முடிச்சாச்சும்மா. ஆனா ஒருத்தனும் அழ மாட்டேங்கான்."

வாழைத்தார் மண்டி மாசானமுத்து கத்தைத் தாளைத் தொப்பென்று போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். வயது அறுபத்தொன்பது. எதிரே இருந்த பூரணத்தம்மாளுக்கு நாற்பத்தைந்துகூட இராது. ஆற்றங்கரை மடத்தில் அந்த அம்மாள்தான் குரு. மாசானமுத்து ஆறு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறவர். வந்தால் சண்டை போடாமல் போனதில்லை.

"என்ன எழுதினீங்க அண்ணாச்சி?"

"என் கதைதான். எழுபதாம் பிறந்தநாளுக்கு அச்சுப்போட்டு ஊருக்கெல்லாம் குடுக்கணும். பட்டினி கிடந்ததுக்கே பதினாலு பக்கம். மருமவகிட்ட வாசிச்சேன். 'நல்லாருக்கு மாமா'ன்னுட்டுப் பாலை இறக்கப் போயிட்டா. அடுப்புல பாலே இல்ல."

பூரணத்தம்மாள் முதல் பக்கத்தை எடுத்தார். மெதுவாகப் படித்தார். ஒரு வரியில் விரலை வைத்தார்.

'வறுமையிலும் நாங்கள் பிறர் சோற்றுக்குக் கை நீட்டியதில்லை.'

"என்ன, பிழையா?"

பூரணத்தம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒத்த வரிதானே. வேணும்னா 'அதிகம் நீட்டியதில்லை'ன்னு மாத்திக்கிடுதேன்."

விரல் நகரவில்லை.

"சரி, 'ஒருமுறை தவிர'ன்னு போட்டுக்கிடுவோம். அதுக்கு மேல இறங்க மாட்டேன்."

"சருகு சுத்தி வந்த தாரை அவுத்துப் பாக்காம எடுப்பீங்களா அண்ணாச்சி?"

மாசானமுத்துவுக்குச் சுர்ரென்று ஏறியது. தாளைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனார். செருப்பை மாட்டினார். கழற்றினார். திரும்பி வந்து, முகத்தை ஆற்றுப் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எனக்கு ஒம்பது வயசு. எங்க குடிசைக்குப் பின்னால உலகம்மாள்னு ஒரு அம்மா. புருசன் செத்து வருஷம் திரும்பல. அமாவாசைக்கு அவருக்குப் படைச்சுட்டு, சுவர் மேல இலை போட்டுக் காக்காய்க்குச் சோறு வைப்பாங்க. காக்கா எடுத்தாத்தான் செத்தவரு வந்து சாப்பிட்ட மாதிரி."

"ம்."

"அன்னைக்குக் காக்கா வரல. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டு அழுதுக்கிட்டே உள்ள போயிட்டாங்க. நான் ரெண்டு நாளாச் சாப்பிடல. சுவர் ஏறினேன்."

"அப்புறம்?"

"திரும்பி வந்து வெறும் இலையப் பாத்தாங்க. 'வந்துட்டீங்களா'ன்னு சுவரப் பாத்துக் கும்பிட்டாங்க. நான் சுவருக்கு இந்தப் பக்கம் குந்தியிருக்கேன். வாயில சோறு."

அவர் குரல் இறங்கிவிட்டது.

"பிச்சை எடுத்தேன்னு எழுதிருவேம்மா. திருடினேன்னுகூட எழுதிருவேன். தனியா நின்ன பொம்பளைய, செத்த புருசன் பேரால ஏமாத்தினேன்னு எப்படி எழுத?"

"அவங்க இருக்காங்களா?"

"போய் இருபது வருஷமாச்சு. அதே ஊர்லதான் கடை வச்சிருந்தேன். எதிர்ல வந்தாங்கன்னா சந்துக்குள்ள பூந்திருவேன். சாவுக்கும் போகல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போக?"

பூரணத்தம்மாள் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த ஒரு அமாவாசையோட விட்டுட்டீங்களா?"

"இல்ல. அந்த வருஷம் பூரா போனேன்."

"இலைல என்ன இருந்துச்சு?"

"இதெல்லாமா கேப்பீங்க?" எரிந்து விழுந்தார். "யாரு பாத்தா? குனிஞ்சு அள்ளிட்டு ஓடுறதுதான். சோறு. பருப்பு."

"எல்லா மாசமும் அதேதானா?"

"மொதல்ல ஒரு கைப்பிடிதான். சுவர் மேல. ஒரு தடவை ஏறும்போது விழுந்து முட்டி பேந்துபோச்சு. அடுத்த மாசம் கீழ, துவைகல்லு மேல இருந்துச்சு. பொறவாசக் கதவும் திறந்து கிடந்துச்சு. தை அமாவாசைக்குச் சோறு நிறைய. பாதிய மடிச்சு என் தங்கச்சிக்குக் கொண்டுபோனேன். அதுக்கடுத்த மாசம் ரெண்டு இலை. இலைக்கு முன்னால..."

மாசானமுத்து நிறுத்தினார்.



"மணை," என்றார் மாசானமுத்து. "உக்கார ரெண்டு மணை போட்டிருந்தாங்கம்மா."