வழக்கிலுள்ள மண்

“என் வாதத்தை இதுவரை யாரும் உடைத்ததில்லை, அம்மா. அதுதான் என் துயரம்.”

சொன்னவர் எயினனார். அரசனின் சட்ட அமைச்சர். தலை நரைத்தவர். குகை வாசலில் அமர்ந்திருந்த சமணத் துறவி குரத்தியார் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன வாதம்?”

“நாற்பது ஆண்டுக்கு முன் பக்கத்துப் பள்ளத்தாக்கில் மறவநல்லூரார் படையோடு நுழைந்தார்கள். ஆக்கிரமிப்பு என்றால், நம் சட்டப்படி அவர்களோடு குதிரை வணிகத்தை நாம் நிறுத்தியாக வேண்டும். இது ஆக்கிரமிப்பா என்று அரசர் கேட்டார்.”

“நீர் என்ன சொன்னீர்?”

“அந்தப் பள்ளத்தாக்கின் அரசன் வாரிசில்லாமல் செத்தவன். உடையவன் இல்லாத மண்ணை எப்படிப் பறிக்க முடியும்? ஆகவே அது வழக்கிலுள்ள மண் என்றேன். குதிரைகள் வந்தன. வழக்கு இன்னும் முடியவில்லை. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். மறவநல்லூராரின் காவல்சாவடியில் கெஞ்சித்தான் கிணற்றுக்குப் போகிறார்களாம்.”

“எதிர்வாதம் உண்டா?”

“உண்டு. அரசன் செத்தாலும் குடிகள் சாகவில்லை. மண் அவர்களுடையது.”

“எது வலியது?”

எயினனார் தலை குனிந்தார். “இதுதான்.”

“அன்றே தெரியுமா?”

“தெரியும். ஆனால் அரசர் முடிவெடுத்துவிட்டுத்தான் காரணம் கேட்டார்.”

“போய்ச் சொல்லும்.”

போனார். பழைய அரசர் போய், மகன் பட்டத்தில் இருந்தான். அவை நடுவே நின்று எல்லாம் சொன்னார்.

அவருடைய மாணவன் செங்குட்டி எழுந்தான். ஆசானை வணங்கினான். பிறகு அவருடைய பழைய வாதத்தையே சொல் பிசகாமல் எடுத்துவைத்தான்.

எயினனார் மறுக்க வாயெடுத்தார்.

“இது நீங்கள் சொன்னதுதானே, ஐயா?” என்றான் அரசன்.

அவை சிரித்தது. வணிகம் தொடரும் என்று ஆணை பிறந்தது.

பையன் எவ்வளவு தெளிவாகப் பேசுகிறான் என்று ஒரு கணம் எயினனாருக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் வழியெல்லாம் அவரைச் சுட்டது.

மலையேறி வந்து குரத்தியார் முன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“தோற்றுவிட்டேன், அம்மா. இனி அந்த மக்களுக்காக எங்கே போய் வாதாடுவேன்?”

“அவர்களைப் பார்த்திருக்கிறீரா?”

எயினனார் எழுந்தார்.

மேலாடையை உதறிக் கட்டிக்கொண்டார்.

“பள்ளத்தாக்குக்கு வழி எந்தப் பக்கம், அம்மா?”