பெட்டியில் பாதி

ஆவுடையின் விரல்கள் விதைக் கம்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தன. கண் மட்டும் சாமி மேலேயே இருந்தது.

கேட்கக் கூச்சம். கேட்காமலும் முடியாது.

"சாமி, மழை எப்ப வரும்?"

மடத்துச் சாமி அவளைவிட இளையவர். கிழிந்த வேட்டியைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியாதே, தாயி."

விதைக்கும் முன்னால் விதைப்பெட்டியை மடத்து விளக்குக்கு முன் வைத்து எடுப்பது அந்த ஊர் வழக்கம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவளுக்குத்தான் வைத்த பெட்டியை எடுக்க மனசு வரவில்லை.

"முந்தியெல்லாம் புரட்டாசிப் புழுதியில விதைச்சுப் போட்டா, மழை தானா வந்து முளைக்க வைக்குமாம். போன வருசம் அப்படித்தான் போட்டோம். ஒரு மழை பேஞ்சு முளைச்சுது. அப்புறம் வானம் திரும்பியே பாக்கல. கருகிப்போச்சு."

"அதுக்கு முந்தின வருசம்?"

"மழை பாத்துப் பிந்தி விதைச்சோம். அறுப்பு நேரத்துல கொட்டித் தீத்துருச்சு. கதிர்லயே முளை விட்டுருச்சு."

"இப்போ?"

"இந்த ஒரு பெட்டிதான் மிச்சம். இன்னைக்கே மொத்தத்தையும் விதைக்கணும்ங்காரு அவரு. மழை வரட்டும்ங்கேன் நான். வீட்டுல பேச்சே நின்னுபோச்சு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

பக்கத்தில் கிடந்த அவள் குழந்தை பசியில் சிணுங்கியது.

"நீ வேலையைப் பாரு, தாயி."

சாமி ஊசியைக் குத்தி வைத்தார். குழந்தைக்கு அவள் கொண்டுவந்திருந்த கேப்பைக்கூழ்க் கிண்ணத்தை எடுத்தார். குழந்தையை மடியில் உட்காரவைத்து, கிண்ணத்தை அப்படியே அதன் வாயில் கவிழ்த்தார்.

குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. கூழ் நெஞ்சில் வழிந்தது, சாமி வேட்டியில் வழிந்தது, தரையிலும் வழிந்தது. ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை.

ஆவுடையின் கூச்சம் போன இடம் தெரியவில்லை.

"என்ன சாமி நீங்க, மொத்தத்தையும் ஒரே வாயிலயா ஊத்துவாக? இவ எப்ப முழுங்குவா, எப்ப துப்புவான்னு பெத்த எனக்கே தெரியாது. துப்புனா அடுத்த வாய்க்குக் கிண்ணத்துல இருக்க வேண்டாமா?"

சாமி காலிக் கிண்ணத்தை அவளிடம் நீட்டினார். ஊசியை எடுத்துக்கொண்டு கிழிசலுக்குத் திரும்பினார்.

ஆவுடை கிண்ணத்தைப் பார்த்தாள்.

பெட்டியைப் பார்த்தாள்.

கிண்ணத்தை முந்தானையால் துடைத்தாள். ஒரு கை கம்பு அள்ளி அதில் போட்டாள். இன்னொரு கை. கிண்ணம் நிறைந்ததும் முந்தானையை விரித்தாள்.

வெளியே மாட்டு மணி கேட்டது. கூடவே அவள் புருசன் குரல்.

"ஏ ஆவுடை, ஏர் நிக்குது. பெட்டியைக் கொண்டா."

"இந்தா வந்துட்டேன். பெட்டியில பாதிதான் இருக்கும், மீதிய நான் அடுத்த மழைக்கு எடுத்து வச்சிருக்கேன்."